வாசகர் கேள்வி – பதில்: வென்டா ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர்

சென்ற இதழில் நம் பூமலையை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைப் பற்றி எழுதும்போது, அது 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதைச் சொல்லி, 2023இல் அதே பட்டியலில் சேர்ந்த குல்டீகா என்னும் லாத்வியச் சிற்றூரையும் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். பூமலையைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவையே அதிகம். ஆகவே, இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அவ்வூரைப் பற்றியவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் வகுப்பு மாணவர்கள் உலக வரைபடத்தில் லாத்வியாவையே கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார்கள். குல்டீகாவை யாராலும் காட்ட முடியவில்லை. அவ்வூர் எங்கே இருக்கிறது? அதற்கு இத்தனை பெரிய சிறப்பு எதற்காகக் கிடைத்தது? – செங்காங்கிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: ஐரோப்பாவின் வடகிழக்கில், பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், எஸ்தோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே லாத்வியா இருக்கிறது. பரப்பளவில் சிங்கப்பூரைப்போல் 80 மடங்குக்கு மேல் பெரிய நாடு. மக்கள்தொகையிலோ நம்மில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் மேற்குப் பகுதிக்குக் கூர்சமே என்று பெயர். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் எழுதிய வரலாறுகளில் அதுவே கூர்லாந்து. தலைநகர் ரீகாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால், வென்டா ஆற்றின் கரையில் குல்டீகா வரும். 10,000 பேரைச் சற்றே தாண்டும் ஊர் அது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டை ஒன்றில் சில புளோக்குகளைச் சேர்த்தால் அத்தனை பேர் வந்துவிடுவார்கள். ஜெர்மன் மொழி அங்கே ஆட்சி செலுத்திய நூற்றாண்டுகளில் ஊருக்குக் கோல்டிங்கன் என்று பெயர். பழைய வரைபடம் எதையேனும் மாணவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால், அந்தப் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.

சிறப்பு எதற்காக என்ற கேள்விக்கு யுனெஸ்கோ சொல்லும் விடையைச் சுருக்கினால் இவ்வாறு வரும்: இடைக்காலத்தில் சிறிய குடியிருப்பாகத் தொடங்கிய ஊர், 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கூர்லாந்து–செம்கல்லியா என்ற கோமகனாட்சியின் (டியூக் ஒருவர் ஆண்ட நாட்டின்) முக்கியமான நிர்வாக மையமாக வளர்ந்தது, அக்காலத்துத் தெருக்களின் அமைப்பு பெரும்பாலும் இன்றும் மாறவில்லை, மரத்தடிகளை அடுக்கிக் கட்டும் உள்ளூர்ப் பாணி வீடுகளும், பால்டிக் கடலைச் சுற்றியிருந்த நாடுகளிலிருந்து வந்து போன கைவினைஞர்கள் கற்றுக்கொடுத்த வெளிப்பாணிகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. லாத்வியாவுக்கு இது மூன்றாவது இடம். ரீகாவின் வரலாற்று மையம் 1997இலும், பூமியின் அளவை அறிய 19ஆம் நூற்றாண்டில் பல நாடுகளைக் கடந்து நிறுவிய அளவைப் புள்ளிகளின் தொடரான ஸ்துருவே நிலவளவை வளைவு 2005இலும் முன்னரே பட்டியலில் சேர்ந்துவிட்டன.

என் கணிப்பில், இந்த விளக்கத்துக்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. குல்டீகா பிழைத்தது அதன் செல்வாக்கினால் அன்று, செல்வாக்கை இழந்ததனால். ஒரு காலத்தில் கோமகன் ஒருவரின் தலைநகராக இருந்த ஊர், அந்தத் தகுதியை 20 ஆண்டுகளிலேயே பறிகொடுத்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில், அப்போது அதை ஆண்ட ரஷ்யப் பேரரசின் பெரிய இரயில் பாதைகள் துறைமுகங்களை நோக்கி ஓடியபோது, ஊரை ஒதுக்கிவிட்டுப் போயின. பணம் குவிந்த நகரங்கள் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டின; பணம் வராத குல்டீகா பழைய ஓடுகளையே மாற்றி மாற்றி வேய்ந்துகொண்டிருந்தது. கடைவீடுகளில் எவை நிற்கலாம், எவை போகலாம் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததைப்போல அவர்களுக்கு நேரவில்லை. இடிப்பதற்கே வழியற்றுக் கிடந்த ஊர், பிற்பாடு காப்பதற்குக் கற்றுக்கொண்டது. இன்று பழைய மரச் சன்னல்களையும் கதவுகளையும் சீரமைக்கும் பட்டறை ஒன்று அங்கே இயங்குகிறது. வீட்டுக்காரர்களே அங்கே சென்று வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலேயே அகலமான அருவி குல்டீகாவில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்தைத் தேடிப் பார்த்தேன். ஆற்றின் குறுக்கே ஒரு படிக்கட்டு கிடப்பதுபோல்தான் தெரிகிறது. அதையா அருவி என்கிறார்கள்? – பிடோக்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்: குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினீர்கள் போலும். வென்டா ரும்பா என்று அழைக்கப்படும் அந்த அருவியின் உயரம் 1.6 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரைதான். நம் அடுக்குமாடி வீட்டின் கதவு நிலையை அது தாண்டாது. ஆனால் அகலம் 249 மீட்டர். பனி உருகி ஆறு பெருகும் இளவேனிலில் 270 மீட்டர் வரை விரியும். ஐந்து ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தி, அவற்றின் விளிம்பு முழுவதிலும் தண்ணீர் ஒரே வரிசையாகக் கவிழ்வதாக எண்ணிப் பாருங்கள். உயரத்தைப் பார்த்து வியப்பதற்குரிய அருவி இல்லை அது. கரையில் நின்று இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறதே, அதுதான் அதன் அழகு. கோடையில் நீர் குறையும்போது சிறுவர்கள் அதன் விளிம்பிலேயே நடந்து அக்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

மனிதக் கை படாமல் அமைந்தது அது. ஆற்றின் அடியில் கிடக்கும் கடினமான டோலமைட் பாறை ஓரிடத்தில் முறிந்து படியாக நிற்க, அதன்மேல் ஆறு வழிகிறது. ஊரார் சொல்லும் கதை வேறு. ஆற்றை மறிக்க நினைத்த சாத்தான் இரவோடிரவாகக் கற்களைச் சுமந்து வந்தானாம். சேவல் கூவிவிடவே, வைத்தது வைத்தபடி ஓடிவிட்டானாம். விடிவதற்குள் முடிக்க முடியாமல் பூதங்கள் கைவிட்டுப் போன கோயில் மதில்களைப் பற்றி நம் ஊர்களிலும் சொல்வதுண்டு. சேவல் எங்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

படகோட்டிகளுக்கு அந்தப் படி பெருந்தொல்லை. கடலிலிருந்து வென்டாவில் ஏறி வரும் மரக்கலம் எதுவும் அதைத் தாண்டி மேலே போக முடியாது. 17ஆம் நூற்றாண்டில் கூர்லாந்தை ஆண்ட கோமகன் யாக்கோபு அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்ட முயன்றார். 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. பாறை இரண்டு முறையும் வென்றுவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற சிங்கப்பூர்க் கல் நினைவுக்கு வந்தது. பாடாங் என்ற பலசாலி வீசியெறிந்ததாக மலாய் மரபு சொல்லும் அந்தக் கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்; அதன் துண்டு ஒன்றைத்தான் இப்போது தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கிறோம்.

கேள்வி: அந்த அருவியில் மீன்கள் பறக்குமாமே? என் பேரன் நம்ப மறுக்கிறான். – தோ பாயோவிலிருந்து ஒரு பாட்டி

பதில்: பேரனிடம், பறப்பதில்லை, தாவுகின்றன என்று சொல்லுங்கள் அம்மா. இளவேனிலில் முட்டையிடுவதற்காக விம்பா என்னும் ஒருவகை ஆற்றுமீன் கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறுகிறது. எதிரே இந்தப் படி வந்துவிடுகிறது. உடனே எகிறிக் குதிக்கின்றன. ஒரு தாவலில் ஏறுகிறவை சில. பாறையில் மோதி விழுந்து மறுபடியும் முயல்கிறவை பல. நான் அங்கே சென்றிருந்தது மே மாதத் தொடக்கம். ஒரு மணி நேரம் கரையில் நின்று பார்த்தேன். எத்தனை தாவல்களை எண்ணினேன் என்பதை மறந்துவிட்டேன், குளிர் மட்டும் நினைவிருக்கிறது.

முற்காலத்தில் சால்மன் மீன்களும் இவ்வாறே தாவின. தாவுகிற மீன் திரும்ப விழும் இடத்தில் கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, வலையும் தூண்டிலும் இல்லாமலே அவற்றைப் பிடித்தார்கள். ‘காற்றில் சால்மன் பிடிக்கும் ஊர்’ என்று குல்டீகாவுக்குப் பெயர் வந்தது அதனால்தான். அந்தக் கூடை முறையைக் கோமகன் யாக்கோபின் பெயரோடு சேர்த்துச் சொல்வது அவ்வூர் வழக்கம். நல்லது எதுவானாலும் அவருடைய கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: கூர்லாந்து என்ற சின்னஞ்சிறு நாடு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் குடியேற்றங்களை வைத்திருந்ததாக எங்கோ படித்தேன். 38 ஆண்டுகள் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் நான். கப்பல்களின் கணக்கு எனக்குத் தெரியும். இது நடக்கக்கூடியதுதானா? குல்டீகாவுக்கு இதில் என்ன பங்கு? – பொத்தோங் பாசிரிலிருந்து ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்

பதில்: நடந்ததுதான் ஐயா. அதைச் சொல்வதற்கு முன் சற்றுப் பின்னே போக வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் லிவோனிய வீரத்துறவியர் என்ற ஜெர்மானியச் சங்கத்தார், கூரோனியர் என்னும் பால்டிக் பழங்குடியினரின் நிலத்தைச் சிலுவையும் வாளுமாக வந்து கைப்பற்றினார்கள். வென்டாவின் கரையில் அவர்கள் கோட்டை கட்டத் தொடங்கியது 1242இல்; குல்டீகாவின் பெயர் எழுத்தில் ஏறிய ஆண்டும் அதுவே. 1368இல் அவ்வூர் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஹன்சா என்பது வடகடல்களில் வணிகம் செய்த நகரங்களின் கூட்டு. நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தென்கடல்களில் செய்ததற்கு ஓரளவு ஒப்பானது என்று சொல்லலாம். அங்கே நகரங்கள் உறுப்பினராயின, இங்கே வணிகர்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

1561இல் அந்தச் சங்கம் சரிந்தது. அதன் கடைசித் தலைவர் கொத்தார்ட் கெட்லர், போலந்து–லிதுவேனியாவின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய நிலத்துக்குத் தாமே கோமகனானார். அவருக்குப் பின் மகன்கள் இருவர் 1596இல் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் பிரீட்ரிக் செம்கல்லியாவை எடுத்துக்கொண்டு யெல்காவாவில் அமர்ந்தார். இளையவர் வில்ஹெல்ம் கூர்லாந்தை எடுத்துக்கொண்டு குல்டீகாவில் அமர்ந்தார். அந்த 20 ஆண்டுகள்தாம் குல்டீகாவின் அரச வாழ்வு. வில்ஹெல்முக்கும் நிலப்பிரபுக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1615இல் எதிர்த்தரப்பைச் சேர்ந்த நோல்டே சகோதரர்கள் இருவர் கொல்லப்பட, பழி கோமகன்மீது விழுந்து, 1616இல் அவர் பட்டத்தை இழந்து நாட்டைவிட்டுப் போனார். தலைநகர் என்ற பெயரும் அவரோடு போயிற்று.

அந்த வில்ஹெல்மின் மகன்தான் யாக்கோபு. 1610ஆம் ஆண்டு அக்டோபரில் குல்டீகாக் கோட்டையில் பிறந்தார். ஒரு மாதத்துக்குள் தாயை இழந்தார். ஆறு வயதில் தந்தையும் நாடு கடந்துவிட்டார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவருக்கு ஞானத்தந்தை. பிள்ளையில்லாத பெரியப்பாவின் நிழலில் வளர்ந்து, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் படித்து, 1642இல் கோமகனாக அமர்ந்தபோது, நாடு சிறியது என்பதை அவர் ஒரு தடையாக நினைத்ததாகத் தெரியவில்லை. நெதர்லாந்து என்னும் இன்னொரு சிறிய நாடு கப்பல்களால் செல்வம் சேர்த்ததை அவர் கண்டிருந்தார். அவர் நாட்டில் காடு இருந்தது, சணல் இருந்தது, தார் இருந்தது. கப்பல் கட்ட இவைதாமே வேண்டும்? இரும்பு உருக்கும் உலைகளை அமைத்தார். வென்டா கடலில் கலக்கும் வென்ட்ஸ்பில்ஸில் கப்பல் கட்டும் தளம் எழுந்தது. அங்கே கட்டிய கப்பல்களைத் தம் தேவைக்கு வைத்துக்கொண்டதோடு, வெளிநாட்டாருக்கும் விற்றார்.

1651இல் ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றில் ஒரு சிறு தீவைப் பெற்று அவருடைய ஆட்கள் கோட்டை கட்டினார்கள். 1654ஆம் ஆண்டு மே மாதம் கரீபியக் கடலின் தொபேகோத் தீவில் ஒரு கப்பல் 80 குடும்பங்களையும் படைவீரர்களையும் இறக்கியது. அத்தீவுக்குப் புதிய கூர்லாந்து என்று பெயர் வைத்தார்கள். பால்டிக் கரையின் பனியிலிருந்து போன அந்தக் குடும்பங்கள் தொபேகோவின் வெயிலிலும் காய்ச்சலிலும் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதை எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. ஆனால் திட்டத்தைக் கெடுத்தது வெயிலன்று, ஐரோப்பியப் போர்தான். 1658இல் சுவீடன் படை யாக்கோபையே சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டது. 1660இல்தான் விடுதலை. அதற்குள் தொபேகோவை டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காம்பியாத் தீவை 1661இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பிற்பாடு தொபேகோவை மீட்க அவரும் அவருடைய வாரிசுகளும் செய்த முயற்சிகள் எதுவும் நிலைக்கவில்லை.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அக்காலக் கரீபியத் தோட்டங்களும் ஆப்பிரிக்கக் கோட்டைகளும் எந்த வணிகத்துக்காக எழுந்தன என்பது உங்களுக்குத் தெரியும். யாக்கோபின் ஆட்கள் கட்டிய அந்தக் காம்பியாத் தீவு பின்னர் ஆங்கிலேயர் கையில் ஜேம்ஸ் தீவு என்ற பெயரோடு அடிமை வணிகத்தின் நிலையமாக இருந்தது. 2003இல் அதுவும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது; 2011இல் குன்டா கின்டே தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆக, குல்டீகாவில் பிறந்தவர் கைவைத்த தீவு, அவர் பிறந்த ஊருக்கு 20 ஆண்டுகள் முன்னதாகவே பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. தொபேகோவின் வரைபடத்தில் இன்றும் பெரிய கூர்லாந்து வளைகுடா என்ற பெயர் இருக்கிறது.

கேள்வி: கோட்டை, கோட்டை என்கிறீர்கள். நான் பார்த்த படங்கள் ஒன்றிலும் கோட்டை இல்லையே? – உட்லண்ட்ஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: இருந்தால்தானே தெரியும்? 1700இல் தொடங்கிய பெரும் வடக்குப் போரில் சுவீடன் படைகள் கூர்லாந்துக்குள் வந்தன, கோட்டை சிதைந்தது. 1710இல் கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. அதன்பின் அதைச் செப்பனிட யாருக்கும் மனமோ பணமோ இல்லை. வெட்டிச் செதுக்கிய நல்ல கற்கள் கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் வீடு கட்டியவர்களின் அடித்தளங்களுக்குள் கோட்டை கொஞ்சங்கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது. 1795இல் கோமகனாட்சியையே ரஷ்யப் பேரரசு விழுங்கியபோது, இங்கே காவல் காக்க எதுவும் மிச்சமில்லை.

இப்போது அவ்விடம் ஒரு பூங்கா. தரையடியில் சில சுவர்த்துண்டுகள், மேலே மரங்கள், லிவியா ரெசெவ்ஸ்கா என்னும் சிற்பி செதுக்கிய கற்சிற்பங்கள். பூங்காவிலேயே ஊர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்த மர மாளிகை 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டு, பின்னர் பிரித்தெடுத்து இங்கே கொண்டுவரப்பட்டது என்பது ஊரார் விரும்பிச் சொல்லும் கதை. கதை மெய்யோ பொய்யோ, அந்தப் பூங்காவின் மேட்டிலிருந்து அருவியையும் பாலத்தையும் ஒருசேரப் பார்க்கலாம். படைத்தலைவர்கள் கோட்டைக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் தவறுவதில்லை.

கேள்வி: செங்கல்லால் கட்டிய அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். செங்கல் பாலம் வண்டிகளைத் தாங்குமா? கட்டடப் பொறியாளர் என்ற முறையில் கேட்கிறேன். – புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகி

பதில்: தாங்குகிறது. 1874இல் கட்டிய அந்தப் பாலத்தின் நீளம் 164 மீட்டர், ஏழு வளைவுகள். ஐரோப்பாவில் செங்கல்லால் கட்டப்பட்ட சாலைப் பாலங்களுள் மிக நீளமானவற்றில் அதுவும் ஒன்று. எதிரெதிரே வரும் இரண்டு குதிரை வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் கடக்கும் அகலத்தில் கட்டினார்கள். அதே அகலத்தில் இன்று கார்கள் போகின்றன. உங்களுக்குத் தெரியாததில்லை: வளைவில் அமைந்த செங்கல் இழுபடுவதில்லை, அழுந்துகிறது, அழுத்தத்தைத் தாங்குவதில் செங்கல்லுக்குக் குறையில்லை. தஞ்சை மாவட்டத்துப் பழைய வாய்க்கால் பாலங்களில் பல இன்றும் நெல் வண்டிகளைச் சுமப்பது இந்தக் கணக்கில்தான்.

நம் ஊரில் 1869இல் கட்டி முடித்த கேவனா பாலம் ஏறத்தாழ அதன் சமவயது. இரும்புப் பாகங்களைக் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வரவழைத்துப் பூட்டினார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் அதில் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே நிற்கிறது. பிரிட்டிஷ் பேரரசின் பெரிய துறைமுகத்துக்கு இரும்பு வந்தது. ஒதுக்குப்புறச் சிற்றூர் மண்ணைச் சுட்டுக் கட்டிக்கொண்டது. இரண்டில் வண்டி போவது சிற்றூர்ப் பாலத்தில்.

அதற்காக அது காயப்படாமல் தப்பியது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் உலகப் போரில், 1915இல், பின்வாங்கிய ரஷ்யப் படை இரண்டு வளைவுகளை வெடிவைத்துத் தகர்த்தது. லாத்வியா சுதந்திர நாடானபின் 1926இல் அவற்றை மீண்டும் கட்டினார்கள். 2008இல் முழுப் பாலத்தையும் புதுப்பித்திருக்கிறார்கள்.

கேள்வி: குல்டீகாவை ‘லாத்வியாவின் வெனிஸ்’ என்பது பொருத்தமா? – ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இல்லை. ஆற்றோரம் நாலு வீடு நின்றால் அதை வெனிஸ் என்று அழைப்பது சுற்றுலாத் துறையினரின் பழக்கம். குல்டீகாவில் ஓடுவது அலெக்சுபீத்தே என்னும் சிறு ஓடை. வீட்டுச் சுவர்களை ஒட்டி, சிறு பாலங்களின் அடியில் நுழைந்து, ஓரிடத்தில் 4 மீட்டருக்கு மேல் அருவியாய் விழுந்து, கடைசியில் வென்டாவோடு சேர்கிறது. ஒரு காலத்தில் அந்த நீர்வீச்சில் ஆலைகள் சுழன்றன, காகிதம்கூடச் செய்திருக்கிறார்கள். படகு போகாது, வாத்து போகும். அந்த ஓடைக்கு அதன் பெயரே போதும்.

கேள்வி: அவ்வூரில் யூதத் தொழுகைக்கூடம் ஒன்று நூலகமாக மாறியிருப்பதாகப் படித்தேன். அங்கே யார் யார் வாழ்ந்தார்கள்? உலகப் போரில் அவர்களுக்கு என்ன ஆயிற்று? – ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு நூலகர்

பதில்: வெவ்வேறு சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் ஒரே தெருவில் நிற்பது நமக்குப் புதிதில்லை, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மசூதியையும் மாரியம்மன் கோயிலையும் ஒரே பார்வையில் காண்கிறவர்கள் நாம். குல்டீகாவிலும் அப்படித்தான். ஊரின் காவல் புனிதர் கேத்தரின். அவர் பெயரால் அமைந்த லூத்தரன் தேவாலயத்தின் தொடக்கம் 1252. அவரையும் அவருக்குரிய சக்கரத்தையும் ஊர்ச் சின்னத்திலேயே பொறித்திருக்கிறார்கள். யாக்கோபு ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. 1640இல் கட்டிய கத்தோலிக்கரின் தூய திரித்துவ ஆலயம் சில அடி தூரத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்ட யூதத் தொழுகைக்கூடம் 1875இல் கட்டப்பட்டது. பாலத்துக்கு ஒரே ஓராண்டு இளையது.

அந்தக் கூடம் கட்டப்பட்ட காலத்தில் கடைத்தெருவிலும் பட்டறைகளிலும் ஜெர்மன், லாத்வியம், ரஷ்யம், யூதர்கள் பேசிய இத்திஷ் ஆகிய நான்கு மொழிகளும் ஒலித்திருக்கும். 1918ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் லாத்வியா சுதந்திரம் அறிவித்தது. 1940இல் சோவியத் படைகள் நுழைந்தன. 1941இல் ஜெர்மானிய நாஜிப் படைகள். அந்த ஆண்டிலேயே குல்டீகாவின் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தொழுகைக்கூடம் நின்றது, தொழுவதற்கு ஆள் இல்லை. 1944 அக்டோபரில் செஞ்சேனை மற்றப் பகுதிகளைக் கைப்பற்றிய பிறகும், ஜெர்மானியப் படைகள் கூர்சமேயில் முற்றுகைக்குள்ளேயே 1945 மே மாதச் சரணடைவு வரை நீடித்தன. அந்த வளையத்துக்குள் இருந்த குல்டீகா, சுற்றிலும் ஊர்கள் தரைமட்டமாகியும், பெருஞ்சேதமின்றித் தப்பியது. தப்பியவை கட்டடங்கள் என்பதை மறக்கக்கூடாது. மனிதர்களின் கணக்கு வேறு.

சோவியத் காலத்தில் அந்தக் கூடம் திரையரங்கானது. 1991இல் நாடு மீண்டும் சுதந்திரமடைந்தபின் அதைச் சீரமைத்து ஊர் நூலகமாக்கினார்கள். உயரமான பழைய சன்னல்களின் வெளிச்சத்தில் பிள்ளைகள் அமர்ந்து படிக்கிறார்கள். நூலகர் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்: நான் சென்ற அன்று அங்கே இருந்த அமைதி, நூலக விதியினால் வந்த அமைதியைப்போல் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு அங்கே செல்ல நினைக்கிறோம். எப்படிப் போவது, எப்போது போவது? நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமோ என்று அஞ்சுகிறோம். – அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: ஏதேனும் ஓர் ஐரோப்பிய நகரில் விமானம் மாறி ரீகாவுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து குல்டீகாவுக்குப் பயணிகள் இரயில் கிடையாது. பேருந்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். லாத்வியா ஷெங்கன் உடன்பாட்டில் இருப்பதால் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவைப்படுவதில்லை. உங்களில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நாணயம் 2014 முதல் யூரோ. மீன்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் இறுதியிலிருந்து மே வரை. ஆற்றில் கால் நனைக்க வேண்டுமென்றால் ஜூலை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாமே என்று எண்ணினால், பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே நாளில் ரீகாவுக்குத் திரும்பிவிட வேண்டாம். ஓர் இரவாவது தங்குங்கள். வந்தவர்கள் பேருந்தேறிப் போனபின்தான் ஓடையின் ஒலி கேட்கத் தொடங்கும். ஊரிலிருந்து சிறிது தொலைவில், ரீசுபே என்னுமிடத்தில், வெண்மணற்பாறையைக் கண்ணாடி செய்வதற்காகத் தோண்டித் தோண்டி உண்டான குகைகள் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் பாருங்கள், குனிந்துதான் நடக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டாம். கோதுமைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி எங்கும் கிடைக்கும். கூர்சமேக்கே உரிய ஸ்கிலான்ட்ரௌசிஸ் என்ற பலகாரத்தைத் தேடிப் பாருங்கள்: ரை மாவில் சிறு கிண்ணம்போல் ஓடு பிடித்து, அடியில் உருளைக்கிழங்கு மசியலும் மேலே கேரட் மசியலும் வைத்துச் சுடுகிறார்கள்; சற்றே இனிப்பு, சற்றே சீமைச் சோம்பு வாசம். முட்டையும் பாலேடும் சேர்ப்பதுண்டு, ஆகவே முட்டையும் தொடாதவர்களாயின் கேட்டுவிட்டு வாங்குங்கள். எதற்கும் பெட்டியில் ஒரு புட்டி ஊறுகாய் இருக்கட்டும். நான் எடுத்துப் போகவில்லை. மூன்றாம் நாள் உருளைக்கிழங்கின் முன் அமர்ந்தபோது தேக்கா சந்தையை நினைத்துக்கொண்டேன்.